இதை வேறு யாராவது படித்துக் காட்டட்டும்

குணா,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று உங்கம்மா எஸ்.டி.டி. பூத்தில் நின்று கேட்டுவிடுகிறாள். அந்த வேலை எனக்கு மிச்சம். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். முதலில் கேசட்டில் பேசி அனுப்பத்தான் நினைத்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கி, மைக்கைத் தட்டிப் பார்த்து, டேப்பில் சிவப்புப் பொத்தானை அழுத்தி, "குணா, அப்பா பேசறேன்" என்று ஆரம்பித்தும்விட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும். இந்தத் தாளை அங்கே யாரோ ஒருவர் கையில் கொடுத்து, அவர் வாயால்தான் நீ கேட்கப்போகிறாய். அவர் ஆணா பெண்ணா, உன்னைவிடப் பெரியவரா சின்னவரா, எனக்குத் தெரியாது. ஆகவே வீட்டு விஷயத்தை வீட்டோடு வைத்துக்கொள்கிற கடிதமாக இதை எழுத முடியாது. ஊர் முழுக்க ஸ்பீக்கர் கட்டிப் பேசிப் பழகியவனுக்கு அதில் ஒன்றும் கூச்சமில்லை. படிக்கிறவருக்கு என் வணக்கம். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசிப் பிழைத்தவன்.

அவருக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதே. நான் திருவண்ணாமலையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஆம்ப்ளிஃபயர் வைத்து, தேவைப்பட்டால் நானே பேசியும் கொடுப்பேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த குடும்பத்தில் நான் ஒருவன்தான் தொண்டையை நம்பி டவுனுக்கு வந்தவன். நீ எனக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதில் என்னிடம் பேசும்போது என் காதைப் பார்த்துத்தான் பேசுவாய். உங்கம்மாவிடம் பேசினால் அவள் தோளைப் பார்ப்பாய். அதை நாங்கள் குறும்பு என்று நினைத்தோம். ஒண்ணாம் வகுப்பு டீச்சர் திமிர் என்று நினைத்து இரண்டு வைத்தார். பிறகுதான் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர், பையனுக்கு நேராகப் பார்த்தால் தெரியாது, ஓரத்தில் மட்டும்தான் தெரியும், கண்ணுக்குப் பின்னால் நடுவில் நரம்பு வாடிப்போயிருக்கிறது, கண்ணாடி போட்டும் பயனில்லை, ஆபரேஷனும் இல்லை என்றார். காதைப் பார்த்தால்தான் உனக்கு என் முகம் தெரிந்திருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாய்.

ஓரத்தில் தெரிவதால் நீ நன்றாக நடப்பாய். சைக்கிள்கூட ஓட்டிவிட்டாய், பாவி. தெருவில் யாரும் உனக்குக் கண் தெரியாது என்று நம்பியதில்லை. ஆனால் ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து உன் கண்ணுக்குப் பிடிபட்டதில்லை. எழுத்தைப் பார்த்தால் அது இருக்கிற இடம் காணாமல் போகிறது என்று நீயே ஒருமுறை சொன்னாய். கண் இல்லாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அது வெளியூர், அங்கேயே தங்க வேண்டும். உங்கம்மா மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கும் மனசில்லை. நம்மிடம்தான் டேப் ரெக்கார்டர் இருந்ததே. உன் பாடப் புத்தகத்தை நான் மைக் வைத்துப் படிப்பேன், அது கேசட்டில் ஏறும், நீ கேட்டுக் கேட்டு ஒப்பிப்பாய். புதுக் கேசட்டுக்கு எங்கே போவது, ஓய்ந்துபோன சாமி பாட்டுக் கேசட்டுகள் மேலேயே பதிவு செய்தேன். பாடம் முடிகிற இடத்தில் திடீரென்று யாரோ ஒரு பாகவதர் பாதிச் சரணத்தில் எழுந்து பாடுவார். உனக்கு அது பழகிவிட்டது.

நம் வீட்டில் படிப்பு என்றால் அதுதான். "குணா, படிச்சியா?" என்று கேட்டால் கேட்டாயா, மனப்பாடம் ஆனதா என்று அர்த்தம். "படிடா பாக்கலாம்" என்றால் நீ நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைக் கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டு, மடை திறந்த மாதிரி ஒப்பிப்பாய். நான் தப்பாகச் சொன்னதைத் தப்பாகவே சொல்வாய். பத்தாவதில் விஞ்ஞானப் பாடம் பதிவு செய்துகொண்டிருக்கும்போது ஒருத்தர் காதுகுத்துக்கு செட் கேட்டு வந்தார். நான் டேப்பை நிறுத்த மறந்து, ரெண்டு குழாய் போதுமா, மூணா, ஜெனரேட்டர் வேணுமா என்று பேசியதெல்லாம் அமிலத்துக்கும் காரத்துக்கும் நடுவில் ஏறிவிட்டது. நீ வகுப்பில் எழுந்து நின்று ஜெனரேட்டர்வரை ஒப்பித்திருக்கிறாய். வாத்தியார் கடைக்கே வந்து சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். பையனுக்கு என்ன ஞாபகம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன்.

பரீட்சை எழுத ஆள் வேண்டும். நீ சொல்லச் சொல்ல எழுத உன்னைவிடச் சின்ன வகுப்பில் ஒருவன். அதற்கெல்லாம் நமக்கு இங்கே ஒரு காகிதமும் தேவைப்படவில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக் கட்டினவன் என்று தலைமை ஆசிரியருக்கு என்னைத் தெரியும். அவர் மேலே எழுதி வாங்கிக் கொடுத்தார். காலேஜில் துறைத் தலைவருக்கு அவர் பெண் கல்யாணத்தில் கட்டின செட்டை ஞாபகம் இருந்தது. "மைக் செட்டுக்காரர் பையன்" என்றால் போதும், கதவு திறந்தது. ஊனமுற்றோர் சான்று என்று ஒன்று இருக்கிறது, வாங்கி வையுங்கள் என்று யாரோ சொன்னபோது உங்கம்மா முகம் சுருங்கிவிட்டது. எதுக்குங்க, அவனுக்குத்தான் எல்லாம் நடக்குதே என்றாள். எனக்கும் அது சரி என்றே பட்டது. ஊருக்குள் முகம் இருந்த தைரியம்.

நீ பி.ஏ. முடித்துவிட்டு, வரலாற்றில் எம்.ஏ. படிக்க மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்குப் போகிறேன் என்றபோதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அங்கே பாடம் இங்கிலீஷில். நான் ஒன்பதாவதோடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவேன், அதற்குமேல் நாக்கு புரளாது. நீ எதுவும் கேட்கவில்லை. நான்தான் உனக்குத் தெரியாமல் ஒரு இங்கிலீஷ் வரலாற்றுப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து மைக் முன்னால் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தாண்டவில்லை. போட்டுக் கேட்டேன். எனக்கே புரியாத எதையோ நான் பேசிக்கொண்டிருந்தேன். அதைக் கொடுத்தால் நீ அதையும் அப்படியே மனப்பாடம் செய்திருப்பாய். அந்தக் கேசட்டை அழித்துவிட்டேன். இத்தனை வருஷம் உனக்குக் கண்ணாக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று நான் வெறும் மைக் செட்டுக்காரன் ஆகிவிட்டேன்.

அதனால்தான் யுனிவர்சிட்டியில் அந்த அறையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. உன்னிடம் தூசி என்று சொன்னேன். விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில், ஊனமுற்ற மாணவர்களுக்கு உதவி செய்ய ஒரு பிரிவே இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்றார்கள். சின்ன அறைதான். உள்ளே ஒரு பையன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். சுவர் முழுக்கக் கேசட், வரிசையாகப் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பொறுப்பில் இருந்த மேடம் எல்லாம் சொன்னார். புத்தகம் படித்துக் காட்ட ஆட்கள் வருவார்கள், பரீட்சை எழுத ஆள் அவர்களே ஏற்பாடு செய்வார்கள், கூடுதல் நேரம் உண்டு, விடுதியில் கீழ்த்தளத்தில் அறை வாங்கித் தருவார்கள். இப்படி ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. மேடம் உன்னிடம்தான் உங்களுக்கு என்ன தேவைப்படும் என்று கேட்டார். வழக்கம்போல நான் முந்திக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் கோபப்படாமல், "சார், அவர் சொல்லட்டும்" என்றார். நீ அவர் தோளைப் பார்த்துக்கொண்டு, "சமாளிச்சுக்குவேன் மேடம்" என்றாய்.

மேடம் சிரித்தார், ஆனால் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார். மருத்துவக் குழு கொடுக்கிற சான்று வேண்டும், நாற்பது சதவீதத்துக்குக் கம்மி என்றால் எங்களால் எதுவும் செய்ய முடியாது, வகுப்பு தொடங்குவதற்குள் கொண்டுவந்துவிடுங்கள் என்றார். நாற்பதா, என் பையனுக்கு நூறு கொடுப்பார்கள் மேடம் என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். பிள்ளைக்கு மார்க் சொல்கிற மாதிரி சொன்னேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் விசாரித்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழு வாரத்தில் ஒரு நாள்தான் கூடும். நாம் முதலில் போனபோது அந்த நாள் பௌர்ணமியில் வந்து நின்றது. டாக்டர்களைக் கிரிவலப் பாதை முகாம்களுக்கு அனுப்பிவிட்டார்கள், அடுத்த வாரம் வாங்க என்றார்கள். எனக்கும் அன்று பாதையில் வேலை இருந்தது. காணாமல் போனவர்களை அறிவிக்கிற பந்தலில் மைக் என்னுடையது. ஆரணியிலிருந்து வந்த அம்மா ஒருத்தி, செஞ்சியிலிருந்து வந்த குழந்தை ஒன்று. பெயரும் ஊரும் சொல்லிக் கூப்பிட்டால் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் ஓடி வந்துவிடுவார். அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. என் பிள்ளையை எந்த மைக்கில் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

அடுத்த வாரம் நடந்ததை நாம் இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒழுங்காகப் பேசவே இல்லை. வரிசை நீளம். கால் இல்லாதவர், காது கேட்காதவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வராண்டா. கண் டாக்டர் அறை வாசலில் கதவு கிடையாது, ஒரு பச்சைத் துணி தொங்கும். உள்ளே போகிறவர்களிடம் டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் இருக்கிற எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லுவார். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. உனக்கு முன்னால் போன ஒவ்வொருவர் குரலும் வெளியே கேட்டது. ட, என்பார்கள். ப, ர. ம, ய, ல. சிலர் அங்கேயே நிற்பார்கள், சிலர் இன்னும் ஒரு வரி இறங்குவார்கள். நான் பக்கத்தில் ஒருவரோடு மழை இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நீ சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்து நின்றாய். அலுப்பாக இருக்கிறது போலும் என்று நினைத்தேன். உன் காது வேலை செய்துகொண்டிருந்தது.

உன் முறை வந்தது. துணி விலகியிருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அவருக்கும் பாவம், வெளியே அத்தனை பேர். அட்டையைக் காட்டி, "படிப்பா" என்றார். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். முகத்தைக் கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டாய். அந்த ஒருக்களிப்பைப் பார்த்த உடனேயே நான் உள்ளே ஓடியிருக்க வேண்டும். ட. ப, ர. ம, ய, ல. தடங்கலே இல்லாமல் மேலிருந்து கீழே இறங்கினாய். கடைசி இரண்டு வரிக்கு முன்னால் நிறுத்தினாய். வரிசையில் நின்றவர்களில் யாருமே அதற்குக் கீழே போகவில்லை. உன்னிடம் சொல்வதற்கென்ன, குணா, அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டாக்டர் கேட்டதற்கு என் பிள்ளை டாண் டாண் என்று பதில் சொல்கிறான் என்று வாசலில் நின்று பூரித்துப் போனேன். அவர் சீட்டில் இருபது சதவீதம் என்று எழுதி முத்திரை வைக்கிறவரை எனக்கு உறைக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி உன்னைக் கேட்டேன். எங்கடா பாத்த, எப்படிடா பாத்த என்று. நீ, "பாக்கலப்பா. படிக்கச் சொன்னாரு, வாய் முந்திக்கிச்சு" என்றாய். இருபது வயது தாண்டிய பையனுக்கு இது தெரியாதா என்று இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர் நினைக்கலாம். ஒருவருக்குச் சாகிறவரை எதற்கும் வலது கைதான் முந்தும், இடது கை வராது, அது மாதிரிதான். படி என்றால் ஒப்பிக்கிற பிள்ளையாக இவனை வளர்த்தோம். தெரியலை என்று ஒருநாளும் இவன் வாய் சொல்லிப் பழகவில்லை.

உன்னை மரத்தடியில் விட்டுவிட்டு நான் உள்ளே போனேன். பாண்டிச்சேரி சீட்டைக் காட்டினேன். அது மஞ்சளாகி மடிப்பில் கிழிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். டாக்டர் கெட்டவர் இல்லை. பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பஸ் பாஸுக்காகக் கண்ணு தெரியலன்னு சொல்றவங்கள தினம் பாக்கறேன். உங்க பையன் என் முன்னாடி படிச்சாரு. திரும்பி வந்து தெரியலன்னா, நான் எதை நம்பறது, நீங்களே சொல்லுங்க" என்றார். வேறு அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். சுவரில் இருந்தது அது ஒன்றுதான். இத்தனை காலம் என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊரை நம்ப வைக்கத்தான் பாடுபட்டேன். அன்று ஒரே ஒருத்தரிடம், ஐயா இவனுக்குக் கண் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமை மனு நாளில் வேங்கிக்காலுக்குப் போனேன். பொதுக்கூட்டத்தில் ஆயிரம் பேருக்கு முன்னால் பேசுகிற நான் அந்த மேசைக்கு முன்னால் மனுவை மட்டும் நீட்டினேன். மனுவை வாங்கி ஓரத்தில் ஏதோ எழுதி, அதே ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் அலுவலகத்தில் கேட்டால் மேலிடத்து உத்தரவு வரட்டும் என்றார்கள். நான் அங்கும் இங்கும் ஷேர் ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தேன். நாள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அதே டாக்டர்தான், என் தொல்லை தாங்காமலோ இரக்கப்பட்டோ, நரம்பைப் பார்க்கிற மெஷின் மெட்ராஸில் பெரிய கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அதை ஏமாற்ற முடியாது, அங்கே குழு பார்க்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே தேதி கிடைத்தது உன் வகுப்பு தொடங்கின பிறகுதான்.

அன்று சாயங்காலம் நான் உன்னிடம் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மெட்ராஸ் டாக்டரும் நம்பாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், உள்ளே போகும்போது ஸ்டூலில் இடித்துக்கொள், கையை நீட்டித் தடவிக்கொண்டு போ, கொஞ்சம் தடுமாறு என்றேன். எழுந்து நடந்துகூடக் காட்டினேன். உங்கம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். நீ சத்தம் போடவில்லை. "நடிக்க மாட்டேம்பா. எனக்கு நெஜமாவே தெரியல. நெஜத்துக்கு எதுக்கு நடிக்கணும்?" என்றாய். நான் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் இருக்கிறது என்று கடைக்குப் போய்விட்டேன். ரிப்பேர் எதுவும் இல்லை.

நீ கிளம்பிய அன்று, கீழ்பென்னாத்தூரில் கல்யாண லோடு இருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியாது என்று சொன்னேன் அல்லவா? அதுவும் பொய். நீதான் தனியாகப் போகிறேன், ஆஸ்பத்திரிக்கும் தனியாகவே போய்க்கொள்கிறேன், வராதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். நான் சரி என்று தலையாட்டிவிட்டு உனக்கு முன்னால் போய்ப் பழக்கடை ஓரம் நின்றிருந்தேன். நீ பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றாய். மெட்ராஸ் வண்டி வந்தது. நெற்றியில் போர்டு இருந்தது. உனக்கு அது தெரியாது. கண்டக்டர் டீ குடிக்கப் போய்விட்டார், ஊர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. உன் பக்கத்திலேயே ஒரு பெரியவர் நின்றிருந்தார், அவரிடம் "இது எந்த ஊர் வண்டிங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நீ கேட்கவில்லை. அந்த வண்டி போய்விட்டது. அடுத்ததும் வந்து நின்று, நிரம்பி, போய்விட்டது. நீ காதைக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றாய். பத்தடி தூரத்தில் நான். ஊருக்கே கேட்கிற குரலை வைத்துக்கொண்டு வாயைப் பொத்தி நின்றேன். கூப்பிட்டிருந்தால் நீ என்னை மன்னித்திருக்க மாட்டாய். கூப்பிடாமல் நின்றதற்கு நான் என்னை மன்னிக்கவில்லை. மூன்றாவது வண்டியில் ஒரு கண்டக்டர் "மெட்ராஸ் மெட்ராஸ்" என்று கத்தினார், நீ ஏறினாய். அவருக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இப்போது நீ யுனிவர்சிட்டியில் கொடுத்த சேர்க்கைச் சீட்டோடு அங்கே இருக்கிறாய், சான்று இல்லாமல். உங்கம்மா விசாரித்ததில், விடுதியில் மூன்றாவது மாடி என்றும், மேடம் அறையில் இருக்கிற கேசட்டுகளை வெளியே எடுத்துப் போக உனக்கு அனுமதி இல்லை என்றும், பரீட்சைக்கு ஆள் கொடுப்பது அந்தக் குழு சொல்லும் சதவீதத்தைப் பொறுத்தது என்றும் தெரிந்தது. மேடம் நல்லவர், யாராவது ஒருவரைக் கேட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்குக் காகிதம் வேண்டாம் என்றாராம். நீ யாரையாவது கேட்டாயா என்று உங்கம்மா கேட்டால், சமாளிக்கிறேன் என்கிறாயாம். ஆஸ்பத்திரித் தேதி அடுத்த வாரம். என்னால் செய்ய ஒன்றுமில்லை. வேண்டிக்கொள்ளலாம், மலையைச் சுற்றலாம், சுற்றிவிட்டும் வந்தேன். அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. ஒரு அப்பன் இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் தெரியாததைத் தெரியலை என்று சொல்ல நம் வீட்டில் யாராவது முதலில் ஆரம்பிக்க வேண்டுமே.

கேசட்டை ஏன் நிறுத்தினேன் என்று இப்போது சொல்கிறேன். என் குரலில் அனுப்பினால் நீ அறையில் படுத்துக்கொண்டு போட்டுக் கேட்பாய். இரண்டு தடவை கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும். என் இருமல்வரை ஒப்பிப்பாய். ஒருத்தரையும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்காது. காகிதத்தில் எழுதினால் உனக்கு வேறு வழியில்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு நீ ஒருவரிடம் போயாக வேண்டும். எனக்குப் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டுங்கள் என்று வாய் திறந்து சொல்லியாக வேண்டும். இந்த வரி உன் காதில் விழுகிறது என்றால் நீ கேட்டுவிட்டாய். ஆஸ்பத்திரியிலும் அதையே சொல். மெஷின் ஒரு பக்கம் இருக்கட்டும், அட்டையைக் காட்டினால் தெரியலை என்று சொல்.

இனி நான் எழுதுவது உனக்கு இல்லை. இதைப் படித்துக் காட்டுகிறவருக்கு. ஐயா, அல்லது அம்மா, உங்கள் பெயர் தெரியாது. இவன் கெட்டிக்காரன், ஆனால் ஏமாற்றுவான். நீங்கள் இங்கிலீஷ் பாடம் படித்துக் காட்டும்போது எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டுவான். நம்பாதீர்கள். திரும்பச் சொல்லச் சொன்னால் வரி பிசகாமல் சொல்லுவான். அதையும் நம்பாதீர்கள், நான் நம்பித்தான் இங்கே வந்து நிற்கிறேன். படித்து முடித்ததும், இதில் உனக்கு எது தெரியவில்லை என்று கேளுங்கள். சமாளிச்சுக்குவேன் என்பான். எழுந்து போய்விடாமல் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். நான் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

அப்பா